ஏழாம் நம்பர் போன்

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்கும் முன்பே சிவப்புப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். மருந்துக் குடோனின் அந்தச் சுவரில் எத்தனையோ காகிதம் ஒட்டுவார்கள், ஒருவரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். சிவப்புப் பட்டியலை மட்டும் எல்லோரும் நின்று படித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள், தன் பெயர் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள. அன்றைக்கு அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரியைக் குடோனில் யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. பதினேழு வருஷமாகக் குளிரறையிலேயே வேலை பார்ப்பதால் அவள் ஃப்ரிட்ஜ் அக்கா. வயது ஐம்பத்திரண்டு. ஊசி மருந்து, கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து என்று குளிரில் இருக்க வேண்டிய சரக்கு எதுவானாலும், எந்த ராக்கில் எந்தத் தட்டில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அப்பேர்ப்பட்டவள் கையில் சூப்பர்வைசர் ஒரு கடிதத்தைத் திணித்தார். 'ஒரு பொருளுக்குச் சராசரி நான்கு நொடி தாமதம். காரணம்: வயது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேனேஜர் அறைக்கு வரவும்.'

மேனேஜர் அறைக்கு அப்படிப் போனவர்கள் யாரும் மறுபடி குடோனுக்குள் வந்ததில்லை. அவர்களுடைய லாக்கர் சாமானை யாராவது ஒரு பையில் போட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவ்வளவுதான் மரியாதை.

"கம்பெனி குடுத்த இந்த போன்தான் மெதுவா இருக்குன்னு நான் எட்டு மாசமா சொல்லிட்டு இருக்கேனே" என்றாள் அக்கா.

"போன்ல ஒண்ணும் இல்லக்கா. ஒண்ணாம் தேதி செக் பண்ணி பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கு பாருங்க" என்றார் சூப்பர்வைசர். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு?"

கோவிச்சுக்க என்ன இருக்கு என்று கேட்கிறவர்களைக் கண்டால்தான் அக்காவுக்கு முதலில் கோபம் வரும். ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. போனின் முதுகில் ஏழு என்ற நம்பருக்குக் கீழே பச்சைப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. மாதாமாதம் ஒண்ணாம் தேதி எல்லாருடைய போனையும் சார்ஜ் ஸ்டாண்டில் வரிசையாகச் சொருகி, கம்பெனி கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரர் ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு ஒட்டுகிற புள்ளி அது.

வேலை இப்படித்தான் நடக்கும். எந்தப் பெட்டியை எடுக்க வேண்டும் என்று போன் சொல்லும். ராக்கைத் தேடிப் போய்ப் பெட்டியின் பார்கோடைப் போனில் காட்ட வேண்டும். திரையில் பச்சை டிக் விழுந்தால்தான் அடுத்த பெட்டி எதுவென்று தெரியும். பெட்டியின் பெயர் தெரிந்த நிமிஷத்திலிருந்து டிக் விழும்வரை உள்ள நேரம் உன் கணக்கு. டிக் விழாமல் போன் முழித்துக்கொண்டு நின்றால் அதுவும் உன் கணக்குத்தான். ஷிஃப்ட் முடிந்ததும் யார் கணக்கு எவ்வளவு என்று சுவரில் தொங்கும் போர்டில் வந்துவிடும். கையில் பெட்டியை வைத்துக்கொண்டு அந்தத் திரையையே பார்த்து நின்ற நேரத்தை எல்லாம் சேர்த்தால் ஒரு முழுநாள் தூங்கியிருக்கலாம் என்று அக்கா திட்டிக்கொள்வாள்.

கோபத்தைவிட மோசமாக இன்னொன்றும் நடந்தது. அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் கரண்டி கைதவறி விழுந்தால் நின்று யோசித்தாள். படியிறங்கும்போது கால் பார்த்து வைத்தாள். ஒரு மனுஷியை அவள் கையைக் கண்டே பயப்பட வைப்பதற்கு ஒரு காகிதமும் ஒரு சிவப்பு மையும் போதுமாக இருக்கிறது. இதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் அவளும் மருமகளும்தான். மகன் லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். மருமகள் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறாள். உளுந்தம் பருப்பளவு ஸ்குரூவை இடுக்கியால் எடுத்து மாட்டுகிற கை. மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. ஒருத்தி வைத்த பாத்திரத்தை இன்னொருத்தி இடம் மாற்றி வைக்கிற உறவு. ஆனாலும் அன்று சாயங்காலம் அக்கா கடிதத்தை அவள் முன்னால் போட்டாள்.

மருமகள் இரண்டு தடவை படித்தாள். "போனைக் காட்டுங்க அத்தை."

போன் வழக்கம்போல அடுப்படி மேடையில் சார்ஜில் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அதைச் சார்ஜில் மாட்டுவது அக்காவின் பழக்கம்; இல்லாவிட்டால் ஷிஃப்ட் செய்தி வருவதற்குள் அது செத்துப்போய்விடும். போனைத் திறக்க முடியாது, கம்பெனி முத்திரை ஒட்டியிருந்தது. ஆனால் கடையில் அவர்கள் பயன்படுத்தும் ஒரு பக்கத்தைப் பிரவுசரில் திறந்தால் போதும். அது போனின் மூளைக்குக் கட்டுக்கட்டாகக் கணக்குக் கொடுத்து, எவ்வளவு வேகத்தில் போடுகிறது என்று பார்த்து ஒரு எண் சொல்லும். எண் பெரிதானால் வேகம். போன் மேடைமேல் சார்ஜில் கிடந்தபடியே, மருமகள் சோதனையை மூன்று தடவை ஓட்டினாள். மூன்று தடவையும் தொள்ளாயிரத்து எண்பதை ஒட்டியே வந்தது.

"இந்த மாடலுக்கு ஆயிரம் வரணும். இது நல்லாத்தான் ஓடுது" என்றாள். பிறகு, சொல்லியிருக்கவே வேண்டாத ஒன்றையும் சொன்னாள். "ஒருவேளை உங்களுக்கே கொஞ்சம் அசதியா இருக்கோ என்னமோ."

"நீயும் போய் அந்த சூப்பர்வைசர் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காரு" என்றாள் அக்கா.

செவ்வாய் முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் குக்கர் மட்டும் சத்தம் போட்டது.

புதன்கிழமை சாயங்காலம் மருமகள் வழக்கத்தைவிட சீக்கிரம் வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. "அத்தை, தப்பு என் மேல."

அந்த வீட்டில் இந்த வாக்கியம் கேட்டு வருஷக்கணக்காகிறது. அக்கா கேட்டது சரிதானா என்று திரும்பிப் பார்த்தாள்.

கடைக்கு ஒருவர் போனைக் கொண்டுவந்திருக்கிறார், மெதுவாக இருக்கிறது என்று. இவள் கடை மேசையில் ஒயரைச் சொருகிச் சோதித்தால் பறக்கிறது. அவர் கையில் கொடுத்தால் நொண்டுகிறது. நாலு தடவை இப்படி நடந்த பிறகுதான் உறைத்திருக்கிறது.

"பேட்டரி பழசாகிப்போனா திடீர்னு நிறைய கரண்ட் கேட்டா அதால குடுக்க முடியாது. கேட்டா போன் பொட்டுனு அணைஞ்சிடும். அணையக் கூடாதுன்னு போனே தன் மூளையை மெதுவாக்கிக்குது. ஒயர் சொருகியிருந்தா கரண்ட் வெளியில இருந்து வருது, அப்ப அதுக்குப் பயம் இல்ல, வேகமா ஓடுது" என்றாள். "நான் அன்னிக்குச் சார்ஜ்ல போட்டபடியே பாத்தேன். பாத்திருக்கவே கூடாது."

ஒயரைப் பிடுங்கினாள். சோதனையை ஓட்டினாள். நானூற்றுப் பத்து.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொரு தடவை."

நானூற்று ஐந்து. ஒயரைச் சொருகினால் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து. பிடுங்கினால் நானூறு. ஸ்விட்ச் போட்டு அணைப்பதைப் போல இருந்தது. ஒரே போன், ஒரே கணக்கு.

"நான் வேலை செய்யறது அடுப்படியில இல்லையே, குளிர்ல இல்ல செய்யறேன்" என்றாள் அக்கா திடீரென்று.

மருமகள் அவளைப் பார்த்த பார்வையில் அன்றுதான் முதன்முதலாகக் கொஞ்சம் மரியாதை தெரிந்தது. குளிரில் பேட்டரி இன்னும் சோர்ந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அத்தைக்குத் தோன்றும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இருபது நிமிஷம் இரண்டு பேரும் ஃப்ரிட்ஜ் கதவைக் காவல் காத்தார்கள். வெளியே எடுத்து ஓட்டியபோது இருநூற்று அறுபது.

புது ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்க அந்தக் கம்பெனி ஆப்பில் பயிற்சிப் பக்கம் ஒன்று உண்டு. சோப்புப் பெட்டியைக் காட்டினாலும் டிக் போடும். மருமகள் தன் போனில் நொடி பார்க்க, அக்கா சோப்புப் பெட்டியைக் காட்டினாள். ஒயரோடு, ஒரு நொடியில் டிக். மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, ஒயர் இல்லாமல், ஐந்து நொடி. பத்துத் தடவை காட்டினார்கள், பத்துத் தடவையும் ஐந்தை ஒட்டியே நின்றது.

"அஞ்சுல ஒண்ணு போனா?" என்று கேட்டாள் மருமகள்.

கடிதம் மேடைமேல் விரித்தபடி கிடந்தது. நான்கு நொடி. காரணம்: வயது. எவன் வயது, யாருடைய வயது. ஒரு பேட்டரிக்கு வயதானதைத் தூக்கி ஒரு மனுஷி தலையில் கட்டியிருக்கிறார்கள். அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். இந்தத் தடவை அதைக் கண்டு அவள் பயப்படவில்லை.

"உங்களுக்கு முன்னாடி இந்த போனை யார் வச்சிருந்தாங்க?" என்று கேட்டாள் மருமகள்.

சாதாரணக் கேள்விதான். அக்காவின் பழைய போன் எட்டு மாதத்துக்கு முன் கீழே விழுந்து உடைந்தபோது, சூப்பர்வைசர் மேசை டிராயரிலிருந்து இதை எடுத்துக் கொடுத்தார். அதற்கு முன் இது மீசை அண்ணனுடையது. குளிரறையில் அவளோடு பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர். எல்லோரும் ஜாக்கெட் காலரை மூக்குவரை ஏற்றிக்கொண்டால் அவர் மட்டும் மீசை நனையக் கூடாது என்று இறக்கி விட்டிருப்பார். போன வருஷம் அவரையும் வயதுக் காரணம் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

"அத்தை?"

"அவரை அனுப்பறப்போ சாட்சிக் கையெழுத்து வேணும்னாங்க. கூட வேலை செய்யறவங்கள்ல மூத்தவ நான்தானே" என்றாள் அக்கா. "அவருக்குக் கை ஓடலன்னு எழுதியிருந்தது. நான் போட்டுக் குடுத்தேன்."

மருமகள் எழுந்துபோய் டீ போட்டாள்.

வியாழக்கிழமை அக்கா வேலைக்குப் போனபோது ஜாக்கெட்டின் உள்பையில் மருமகளின் பவர் பேங்க் இருந்தது. ஒயர் கைப்பகுதிக்குள் ஓடி மணிக்கட்டில் வெளியே வந்து போனில் சொருகியிருந்தது. தடிமனான ஜாக்கெட், யாருக்கும் தெரியவில்லை. டிக் பட்பட்டென்று விழுந்தது. எட்டு மாதமாக நின்று நின்று நடந்தவள் அன்றைக்கு நிற்க நேரமில்லாமல் நடந்தாள். ஷிஃப்ட் முடிந்து போர்டில் எண் வந்தபோது குளிரறையில் அவள்தான் முதல்.

சூப்பர்வைசர் போர்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "பாத்தீங்களாக்கா, லெட்டர் கைக்கு வந்ததும் கை தானா ஓடுது."

அக்கா வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் வெள்ளிக்கிழமைக்கு மிச்சம் இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை பத்து மணி. மேனேஜர் மெதுவாகப் பேசுகிற மனிதர். எவ்வளவு கெட்ட விஷயத்தையும் நலம் விசாரிப்பதைப் போலவே சொல்லுவார். மேசையில் இரண்டு காகிதங்கள் இருந்தன, திங்கட்கிழமைக் கடிதத்தின் நகல் ஒன்று, நேற்றைய எண் ஒன்று. சூப்பர்வைசர் ஓரமாக நின்றார்.

"எனக்கு ஒண்ணு புரியல" என்றார் மேனேஜர். "நேத்து நீங்க முதல் இடம். அப்போ உங்களால முடியுது. இத்தனை நாள் வேணும்னேதான் மெதுவா செஞ்சீங்களா?"

ஆகா. வேகமாகச் செய்யாவிட்டால் கிழவி, வேகமாகச் செய்தால் சோம்பேறி. எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றம் அவள் உடம்புக்குள்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் என்ன பேசுவது? அக்கா ஜாக்கெட்டைத் திறந்தாள். பவர் பேங்கை எடுத்து, அந்த இரண்டு காகிதத்தின் மேலும் படும்படி வைத்தாள்.

"நேத்து வேகமா ஓடினது இது. நான் என்னிக்கும் ஓடற மாதிரிதான் ஓடினேன்."

என்ன, எப்படி என்று அவர் கேட்டபோது அவள் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. சிஸ்டம்காரரைக் கூப்பிடச் சொன்னாள். அவர் வந்ததும், எல்லோரும் குளிரறைக்குப் போக வேண்டும் என்றாள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "இங்கேயே காட்டக் கூடாதா?"

"நான் மெதுவானது அங்கதானே சார். அங்கதான் காட்டணும்."

போனார்கள். குளிரறையில் ஜாக்கெட் போட்டிருந்தது அவள் மட்டும்தான். மற்ற மூவரும் அரைக்கைச் சட்டையோடு உள்ளே வந்து, இரண்டாவது நிமிஷத்திலேயே கையைக் கட்டிக்கொண்டார்கள். பேட்டரி குளிர இருபது நிமிஷம் ஆகும் என்று அக்கா சொன்னாள். சொன்னபடி இருபது நிமிஷமும் நிறுத்தி வைத்தாள். சூப்பர்வைசர் கதவைப் பார்த்தபோதெல்லாம், "இன்னும் கொஞ்ச நேரம்தான் தம்பி, வயசுப் பையனுக்கு இது ஒரு குளிரா" என்றாள். பதினேழு வருஷம் இந்தக் குளிரில் நின்றவளுக்கு அந்த இருபது நிமிஷம் இனித்தது என்றே சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினாள். சிஸ்டம்காரர் நொடி பார்த்தார். ஐந்து. பவர் பேங்க் ஒயரைச் சொருகினாள். ஒன்று. பிடுங்கினாள். ஐந்து. மேனேஜர் தானே போனை வாங்கி, தானே பெட்டியைக் காட்டினார். அவருக்கும் ஐந்து நொடிதான் வந்தது.

"உங்களுக்கும் வயசாயிடுச்சு போல சார்" என்றாள் அக்கா.

சிஸ்டம்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஸ்டாண்ட்ல வச்சுத்தான் செக் பண்ணணும்னு ஃபார்ம்ல இருக்கு சார். ஸ்டாண்ட்ல எப்பவும் சார்ஜ் ஏறிட்டுத்தானே இருக்கும். அங்க எல்லாம் நல்லாத்தான் காட்டும்." நாலு வருஷமாக ஒட்டிய பச்சைப் புள்ளிகள் அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் உதிர்ந்தன.

மறுபடி அறைக்கு வந்ததும் மேனேஜர் கையைத் தேய்த்துக்கொண்டே, வரும் வழியில் சுவரிலிருந்து பிய்த்துவந்த சிவப்புப் பட்டியலைக் கிழித்தார். கிழித்ததை அவள் பார்க்கும்படியே கிழித்தார். புது போன் தருவதாகச் சொன்னார். நடந்ததை மறந்துவிடலாம் என்றும், வெளியே நாலு பேரிடம் சொல்லிப் பெரிதாக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. "ஏழாம் நம்பர் எனக்கு முன்னாடி மீசை அண்ணன்கிட்ட இருந்தது."

"அது முடிஞ்ச விஷயம். அவரே ஒத்துக்கிட்டுத்தானே போனார்?"

"என் கையெழுத்து இருக்கே அதுல. எனக்கு அந்தக் காகிதம் வேணும்."

"ஃபைல்ல இருக்கறதை வெளிய குடுக்க முடியாதும்மா."

"அப்ப எனக்கு ஒரு வெள்ளைக் காகிதம் குடுங்க."

கொடுத்தார்கள், கொடுக்காமல் இருக்க வழியில்லாததால். அக்கா எழுதினாள். மீசை அண்ணனுக்குக் கை ஓடவில்லை என்று நான் சாட்சி சொன்னது பொய், அவரிடம் இருந்த போன்தான் ஓடவில்லை, இன்றைக்குக் குளிரறையில் நாங்கள் நான்கு பேரும் பார்த்தோம் என்று எழுதினாள். எழுதி முடித்து, சிஸ்டம்காரரிடம் நீட்டினாள். அவர் மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். சிஸ்டம்காரர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அந்த அறையில் அன்றைக்கு ஒழுங்காக நடந்துகொண்ட ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான்.

"இதையும் அதே ஃபைல்ல வையுங்க. வைக்கலன்னா நாளைக்கு சிவப்புப் பட்டியல் ஒட்டற சுவர்ல நானே ஒட்டுவேன்" என்று சொல்லிவிட்டு, தன் சொந்த போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில், லாக்கர் சாமானைப் பையில் கொண்டுவந்து கொடுப்பார்களே, அந்த இடத்தில் நின்றுதான் மீசை அண்ணனுக்கு போன் செய்தாள். மணி வெகுநேரம் அடித்தது.

"என்னம்மா, அதிசயமா?" என்றது குரல். "எடுக்க லேட்டாயிடுச்சு. இப்பல்லாம் எனக்கு எதுவும் சுறுசுறுப்பா ஆகறதில்ல. சைக்கிளைக்கூட வித்துட்டேன். கை கால் வேகம் இல்லாதவன் ரோட்டுல எதுக்குன்னு."

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தது முதல் மேனேஜருக்கு ஐந்து நொடி வந்தது வரை.

"எத்தனை நொடிம்மா லேட்டு அந்த போன்?" என்று கடைசியில் கேட்டார்.

"இப்ப நாலுண்ணே. போன வருஷம் கொஞ்சம் குறைச்சலா இருந்திருக்கும்."

"மூணரை" என்றார் அவர். "என் லெட்டர்ல மூணரைன்னு போட்டிருந்தது. எனக்கு அது மனப்பாடம்."

வாசலில் ஒரு லாரி திரும்பி நின்றது.

"நீ கையெழுத்துப் போட்டியேம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பன்னெண்டு வருஷம் என் பக்கத்துல நின்னவ. உன் கண்ணுக்கும் நான் மெதுவாத்தான் தெரிஞ்சேனா?"

இல்லை என்று சொல்லிவிட நாக்கு வந்தது. ஆனால் காலையிலிருந்து அத்தனை பேரிடமும் உண்மையைப் பிடுங்கிவிட்டு இவரிடம் மட்டும் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"நான் உங்களைப் பாக்கவே இல்லண்ணே" என்றாள் அக்கா. "போர்டைத்தான் பாத்தேன்."